ஒன்றாம் பேஸில் நின்றவர்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் வாயில் நாலைந்து குண்டூசிகள் இருந்தன. கத்தாரில், அல்கோர் பழைய மார்க்கெட்டில், மீன் கடைகளைத் தாண்டிப் போனால் பள்ளிச் சீருடை தைக்கிற கடை ஒன்று வரும். அது அவருடையது. என் மகள் மித்ராவுக்கு அப்போது ஐந்து வயது. பினஃபோர் தைக்க அளவு கொடுக்கக் கூட்டிப் போயிருந்தேன். அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, ஊசிகளைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"இந்த உடுப்புல பை வைக்கணும்மா. பைக்குள்ள என்ன போடுவே?"

"கல்லு," என்றாள் மித்ரா.

"எம்புட்டுக் கல்லு?"

அவள் இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். அடுத்த வாரம் பினஃபோர் வந்தபோது பை முக்கால்வாசிப் பாவாடை ஆழத்துக்கு இருந்தது. கனம் தாங்க வேண்டும் என்று உள்ளே இரட்டைத் துணி வேறு. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டபடிதான் ஓடியது.

அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து முடிகிறது. பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார். அவர்கள் என்ன பதில் சொன்னாலும் நம்பிவிடுவார். குழந்தைகளிடம் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்கூலில் என்ன சாப்பிட்டாய், பெரியவளாகி என்ன ஆவாய் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கைப்பேசியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் அந்த ரகம்தான். இவர் பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பார்.

கீழக்கரைப் பக்கத்து மனிதர். கடையில் இருந்த ஊர்க்காரர்கள் அவரைக் 'காக்கா' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பது. நாங்கள் எல்லாரும் 'பாய்' என்போம். பிள்ளைகளுக்கு மட்டும் காக்கா என்கிற சொல் ரொம்பப் பிடித்துப்போய், தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட அதையே பிடித்துக்கொண்டார்கள். அவர் பெயரைக் கடைப் பலகையில் படித்திருக்கிறேன். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

இனி பேஸ்பாலுக்கு வருகிறேன். என் கணவருக்கு ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை. கம்பெனிக் குடியிருப்பில் வீடு. அங்கே ஒரு புல் மைதானம் உண்டு. எங்களுக்கு முன்னால் இருந்த அமெரிக்கக் குடும்பங்கள் சின்னப் பிள்ளைகளுக்காக அதில் ஒரு பேஸ்பால் லீக் ஆரம்பித்து நடத்திவிட்டு, கான்ட்ராக்ட் முடிந்ததும் ஒரு கன்டெய்னர் நிறைய மட்டையையும் பந்தையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போட்டதைப் போட்டபடி விட மனசில்லாமல் நாங்கள் எடுத்துச் செய்தோம். குளிர்காலம் நாலைந்து மாதம்தான் வெளியே விளையாட முடியும். அந்த மாதங்களிலாவது பிள்ளைகள் டேப்லெட்டைக் கீழே வைக்கட்டும் என்பதுதான் அம்மாக்களின் கணக்கு. விளையாட்டைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

சின்னப் பிள்ளைகளுக்கான ஆட்டம் ரொம்ப எளிது. பந்து ஒரு ரப்பர்க் கம்பத்தின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதை அடிக்க வேண்டும். அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். சதுரமாக நாலு மூலையிலும் வெள்ளைத் திண்டு ஒவ்வொன்று கிடக்கும். அதற்குப் பெயர் பேஸ். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். அடுத்த பிள்ளை பந்தை அடிக்கும்வரை, திண்டின் மேல் கால் இருந்தால் யாரும் உங்களை அவுட் ஆக்க முடியாது.

எங்கள் ஆட்களுக்கு இதில் என்ன சிக்கல் என்றால், ரத்தத்தில் கிரிக்கெட் ஊறிக் கிடக்கிறது. கிரிக்கெட்டில் மட்டையோடு ஓடுவோம், இங்கே போட்டுவிட்டு ஓட வேண்டும். கிரிக்கெட்டில் அடித்தாலும் ஓடாமல் நிற்கலாம், இங்கே அடித்தால் ஓடியே ஆக வேண்டும். முதல் வருடம் எங்கள் பிள்ளைகள் எல்லாரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு பையன் பாதி தூரம் ஓடித் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, இரண்டு ரன் என்று கையைத் தூக்கினான்.

என் கணவர் மித்ராவுக்கு வீட்டு வராந்தாவில் தனியாகப் பயிற்சி கொடுத்தார். அதே பாடத்தோடு மைதானத்துக்கு வந்து, முழங்கையை உயர்த்தி, இடது காலை முன்னால் வைத்து, மட்டையை நேராக இறக்கி, கம்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பந்தை அவள் அழகாகத் தடுத்தாடினாள். பந்து கம்பத்திலிருந்து விழுந்து காலடியில் கிடந்தது. உடனே திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஓடட்டுமா, வேண்டாமா? அவர் கம்பி வேலிக்கு வெளியே நின்று "ஓடு ஓடு" என்றார், பிறகு "நில்லு நில்லு" என்றார், பிறகு "ஏன் நிக்கிறே" என்றார். மைதானத்தில் மித்ரா கால் எடுத்து வைப்பதற்குமுன் ஒவ்வொரு தடவையும் திரும்பி அவரைத்தான் பார்ப்பாள். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை தோற்றுவிடக் கூடாதே என்கிற பதற்றம் குரலாக வந்துகொண்டேயிருக்கும். பன்னிரண்டு மணி நேர டூட்டியில் எரிவாயுக் குழாய்களுக்கு நடுவே யாருக்காவது ஏதாவது கத்திச் சொல்லிக்கொண்டே இருக்கிற மனிதர், ஆட்டம் நடக்கிற வெள்ளிக்கிழமை மட்டும் எப்படி நிறுத்துவார்?

எண் போட்ட டிஷர்ட்டுகளை எங்களுக்குத் தைத்துக் கொடுத்தது இந்தக் காக்காதான். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் வெள்ளிக்கிழமை காலை ஒரு அட்டைப்பெட்டியோடு மைதானத்துக்கு வந்தார். அன்று ஒன்றாம் பேஸில் நிற்க வேண்டிய அப்பாவுக்கு பிளான்ட்டில் ஷட்டவுன் வேலை, வர முடியவில்லை. பிள்ளைகள் அடித்துவிட்டு ஓடி வரும்போது, இதுதான் இடம் என்று காட்ட அங்கே பெரியவர் ஒருவர் வேண்டும்.

"பாய், சும்மா ஒரு பத்து நிமிஷம் அங்க நில்லுங்க. பிள்ளைங்க உங்ககிட்ட ஓடி வருவாங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்," என்றார் என் கணவர்.

அந்தப் பத்து நிமிடம் முடிந்ததாக அவரிடம் யாரும் சொல்லவேயில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் வந்து நிற்பார். தலையில் கடை விளம்பரம் போட்ட தொப்பி. பத்து மணியானதும் ஜும்ஆ தொழுகைக்குக் குளிக்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். வெயிலில் கிழிந்துபோன திண்டுகளைக் கடைக்கு எடுத்துப் போய்ப் புது உறை தைத்துக் கொண்டுவந்தார். மற்ற மூன்று உறைகளும் சாதாரணம். ஒன்றாம் பேஸுக்கு மட்டும் இரட்டைத் துணி.

அங்கே அவர் செய்தது ஒன்றுதான். மூச்சிரைக்க ஓடி வந்து திண்டின் மேல் ஏறி நிற்கிற பிள்ளையிடம் குனிந்து, "இப்ப என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்பார். பிள்ளை சொல்லும். "அப்படியா? அப்ப அடுத்து நாம என்ன செய்யணும்?" என்பார். அதையும் பிள்ளை சொல்லும். மலையாளத்தில் சொல்லும், ஹிந்தியில் சொல்லும், பாதிக்குமேல் ஆங்கிலத்தில் சொல்லும். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதனால் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

என் மகள் வெளியாட்களிடம் அதிகம் பேசாதவள். அவள் அந்தத் திண்டின் மேல் நின்று இரண்டு கைகளையும் வீசி வீசி அவரிடம் பேசிக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். என்னதான் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அரிப்பெடுக்கும். வீட்டுக்கு வந்து கேட்டால், "ரூல் சொல்லிக் குடுத்தேன்" என்பாள். என்ன ரூல் என்றால், "அது காக்காவுக்கு," என்று முடித்துவிடுவாள்.

இந்த மனிதருக்கு உண்மையிலேயே ஆட்டம் தெரியாதா, அல்லது தெரியாத மாதிரி நடிக்கிறாரா? அம்மாக்கள் மத்தியில் இது பெரிய விவாதமாகிவிட்டது. நடிப்புதான் என்பது என் கட்சி. விளக்கிச் சொன்னால்தான் பிள்ளை மனதில் பதியும் என்று தெரிந்து செய்கிறார், நம் பள்ளி டீச்சர்களுக்குக்கூட இந்த வித்தை வராது என்று அடித்துப் பேசினேன். சீசன் முழுக்க ஒரு இடத்தில் நின்ற ஆளுக்கு ஆட்டம் தெரியாமல் இருக்குமா? என் கணவர் எதிர்க்கட்சி.

"வித்தையும் இல்ல ஒண்ணும் இல்ல. அவருக்குத் தெரியல. அவ்வளவுதான்."

கத்தாரின் தேசிய விளையாட்டு தினத்துக்குக் குடியிருப்புக்கே விடுமுறை. பெரியவர்கள் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தோம். காக்காவையும் அடிக்கச் சொன்னோம். பந்து நன்றாகத்தான் பறந்தது. மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், ஒன்றாம் பேஸ் நெருங்கியதும் முன்னால் சாய்ந்து, மட்டையின் நுனியைப் புல்லில் தேய்த்துத் திண்டில் வைத்து நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். "காக்கா, மட்டையைப் போடணும்" என்று பத்துப் பேர் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் மட்டையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், "ஆமால்ல?" என்றார்.

"பாத்தீங்களா, என்ன நடிப்பு," என்றேன் நான்.

"நடிப்பா? அவர் மட்டையைத் தேச்ச அழகப் பாத்தியா? சின்ன வயசுல கிரிக்கெட் ஆடுன கை அது. தன்னால போகுது," என்றார் என் கணவர்.

இதற்கிடையில் புதிதாக வந்த ஒரு அம்மா என்னைத் தனியாக அழைத்து, "அவரோட பிள்ளை யாருமே இங்க ஆடலையாமே, பின்ன எதுக்கு வாராவாரம் வர்றார்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கும் உறுத்தியது. மித்ராவின் பினஃபோரை இறக்கித் தைக்கக் கொடுக்கும் சாக்கில் போய் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கு மூணு புள்ளைக, தங்கச்சி. எல்லாம் வளந்து ஆளாகிருச்சுக. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவுல போவேன். ஊர்ல காலு வச்சதுமே எல்லாரும் எங்கிட்டதான் கேப்பாஹ. வீட்ட எப்புடிக் கட்டலாம், எந்தக் காலேசுல சேக்கலாம், மாப்பிள்ளை தேவலாமா. வெளிநாட்டுல இருக்குற ஆளுல்ல, நமக்கு எல்லாம் தெரியும்ண்டு நெனப்பு. நானும் தெரிஞ்ச மாதிரியே சொல்லிட்டு வந்துருவேன். எம் புள்ளைக கூட எனக்கு ஒண்ணும் சொல்லித் தந்ததில்ல. வாப்பாவுக்குத் தெரியாததாண்டு விட்டுருதுக."

"சரி."

"இங்க வந்து நின்னேனா, முத நாளே ஒரு புள்ள என்னயப் பாத்து, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலயேண்டுச்சு. அப்புடி எனக்கு யாரும் சொல்லி எம்புட்டு நாளாச்சு. மனசு லேசாப் போச்சு."

"நெசமாவே உங்களுக்குத் தெரியாதா பாய்?"

"தெரியாது தங்கச்சி. அல்லா மேல ஆணையா."

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதர் ஆணையிட்டுச் சொல்லியும் நம்பாமல் வீட்டுக்கு வந்தேன் என்றால் என் பிடிவாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சீசனில் என் கணவர் லீக்கின் பொறுப்பாளர் ஆனார். ஆனதும் முதல் வேலையாக தோஹாவிலிருந்து ஒரு பிள்ளைகள் அணியை நட்பு ஆட்டத்துக்கு அழைத்தார். அவர்கள் வந்தார்கள். ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி ஷூ, விசில் மாட்டிய பயிற்சியாளர். எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் அடித்தார்கள். அடித்து ஒன்றாம் பேஸ்வரைக்கும் போனார்கள். அங்கேயே நின்றுவிட்டார்கள். அடுத்த பிள்ளை அடித்ததும் இவர்கள் இரண்டாம் பேஸுக்கு ஓடியாக வேண்டும். ஆனால் காக்காவுக்கு விளக்கம் சொல்லி முடிந்தபாடில்லை. ஒரு பையன் திண்டு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவுட் ஆனான். அவுட் என்று தெரிந்ததும், "இருங்க, இத மட்டும் சொல்லிட்டு வர்றேன்" என்றான். தோஹா பயிற்சியாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்று வீட்டில் என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் தோஹாவில் பதில் ஆட்டம். அதற்கு முன்னால் பேஸில் நிற்கிற பெரியவர்கள் எல்லாரும் விதிகளைக் கேட்டால் சொல்ல வேண்டும், சொல்லத் தெரியாதவர்கள் நிற்க வேண்டாம், வேறு உதவி செய்யலாம். இது யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் கடைக்கு ஓடினேன். "பாய், வியாழக்கிழமை கேள்வி கேப்பாங்க. தயவுசெஞ்சு விளையாடாதீங்க. தெரிஞ்சதச் சொல்லிடுங்க."

"சொல்றேன் தங்கச்சி. எல்லாப் புள்ளையும் சொன்னத நெனவு வச்சிருக்கேன்." பிறகு மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னார். "இந்த வெள்ளிக்கிழம இல்லேண்டா எனக்கு வாரமே இல்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் கிளப்பின் சின்ன ஹாலில் கூடினோம். காக்கா தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஜூஸ் மேஜையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். மற்ற அப்பாக்கள் கடகடவென்று பதில் சொல்லி முடித்தார்கள். எல்லாரும் வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"பாய், வாங்க. ஈசியான கேள்விதான்," என்றார் என் கணவர். "பந்தை அடிச்ச பிறகு பிள்ளை மட்டையை என்ன செய்யணும்?"

"கீழ வைக்கணும் தம்பி. தூக்கி எறியக் கூடாது. அதுக்கு வலிக்கும்."

"வலிக்குமா?"

"அந்த ஹைதராபாத் புள்ள சொன்னுச்சு. சுருட்ட முடி."

இரண்டு பேர் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. "அடிச்ச பந்து கீழ விழறதுக்குள்ள எதிர் டீம் பிள்ளை பிடிச்சிட்டா?"

"அவுட்டு. ஆனா பிடிச்ச புள்ள அடிச்ச புள்ளகிட்ட ஸாரி சொல்லணும். இது டாக்டரம்மா மகன் சொன்னது."

"ஓடிட்டு இருக்கிற பிள்ளை எப்ப அவுட்?"

காக்கா தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "அதுல ரெண்டு பேச்சு இருக்கு தம்பி. பந்த வச்சுத் தொட்டாலே அவுட்டுண்டு சில புள்ளைக சொல்லுது. தொட்டது கூசினாத்தான் அவுட்டுண்டு சில புள்ளைக சொல்லுது. உங்களுக்கு எது தோதுண்டு சொன்னீகண்டா அதயே வச்சுக்கலாம்."

ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நெற்றியில் வேர்த்திருந்ததைப் பார்த்தேன். நடிக்கிற ஆள் நடிப்பை நிறுத்த வேண்டிய இடம் இதுதான், இதைத் தாண்டினால் வெள்ளிக்கிழமை போய்விடும். அவர் நிறுத்தவில்லை, ஏனென்றால் அங்கே நடிப்பே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தோன்றியதைச் சொல்ல, அத்தனையையும் அந்த மனிதர் அப்படியே நம்பி, யார் சொன்னது என்பதோடு சேர்த்து மனதில் வைத்திருந்திருக்கிறார். என் கட்சி அன்றைக்குக் கலைந்தது.

என் கணவருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடைசிக் கேள்வியை அவர் வேண்டுமென்றே சுலபமாகக் கேட்டார். "சரி பாய், இதாவது சொல்லுங்க. ஒண்ணாம் பேஸ்ல நிக்கிற பிள்ளை யார் பேச்சைக் கேக்கணும்?"

அங்கே நிற்கிற பெரியவர் பேச்சை, அதாவது அவர் பேச்சை. நாங்கள் எல்லாரும் வாயை அசைத்து, "நீங்க, நீங்க" என்று சொல்லிக் கொடுத்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. முகம் தெளிந்திருந்தது.

"இது நல்லாத் தெரியும் தம்பி. யாரு பேச்சயும் கேக்க வேணாம். திண்டு மேல கால வச்சிட்டோம்ண்டா, வேலிக்கு வெளிய நின்னு அப்பா கத்துறது எதுவும் கணக்குல வராது. அடுத்த புள்ள அடிக்கிற வரைக்கும் அங்க நிம்மதியா நிக்கலாம். அதுதான் ரூலு."

யாரும் சிரிக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று கத்துகிற அப்பா யார் என்று அந்த ஹாலில் தெரியாதவர்கள் இல்லை.

"இது எந்தப் பிள்ளை சொன்னது?" என்று கேட்டார் என் கணவர். குரல் இறங்கியிருந்தது.

காக்கா வாயைத் திறந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் பிள்ளையைச் சொல்லிப் பழகிய வாய் அது. அப்புறம்தான் என் கணவரின் முகத்தைப் பார்த்தார். ஜூஸ் மேஜைப் பக்கம் மித்ரா காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் நின்றிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மறந்துபோச்சு தம்பி," என்றார்.

தெரியாத மாதிரி அவர் நடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் மோசமான நடிப்பு. காதெல்லாம் சிவந்துவிட்டது.

என் கணவர் கேள்விகளைக் குறித்து வைத்திருந்த கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, "ஒண்ணாம் பேஸ்ல பாயே நிக்கட்டும்," என்றார்.

"சார், ஒரு கேள்விக்குக்கூட அவர் சரியா..." என்று ஒரு அப்பா ஆரம்பித்தார்.

"கடைசிக் கேள்விக்கு மார்க் போட்டாச்சு," என்று எழுந்துவிட்டார் என் கணவர்.

காரில் வீட்டுக்குப் போகும்போது மித்ரா பின் சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை மைதானத்தில் என் கணவர் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு வேலியோரம் நின்றார். மித்ரா அடித்தாள். அடித்துவிட்டு வழக்கம்போலத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை இறுகியிருந்தது. கத்தாமல் இருப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது. மித்ரா கொஞ்சம் காத்திருந்தாள். ஒன்றும் வராது என்று தெரிந்ததும் ஓடினாள், கையில் மட்டையோடு. ஒன்றாம் பேஸில் ஏறி நின்றதும் காக்கா அந்த மட்டையைக் காட்டி ஏதோ கேட்டார். அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, குனிந்து, அதற்கு வலிக்காமல் புல்லில் படுக்க வைத்தாள்.

தோஹாவில் மறுபடியும் தோற்றோம்.

மித்ராவுக்கு ஒன்பது வயதானபோது என் கணவருக்கு அபுதாபிக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன் சொல்லிக்கொண்டு வரக் கடைக்குப் போனோம். என் கணவர் அந்தக் கடைக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை. காக்கா எல்லாருக்கும் பால் சேர்க்காத சுலைமானி டீ வரவழைத்தார். மித்ராவின் தோளில் கை வைத்து உயரம் பார்த்தார். புதுப் பள்ளிச் சீருடையில் பை இருக்குமா என்று கேட்டார். எனக்குப் பழைய அரிப்பு விடவில்லை.

"பாய், அன்னிக்கு ஹால்ல மறந்துபோச்சுன்னு சொன்னீங்களே. எந்தப் பிள்ளைன்னு இப்பவாவது ஞாபகம் வந்துச்சா?"

"எது தங்கச்சி?" என்றார், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு. காது மறுபடியும் சிவந்தது.

மித்ராதான் சொன்னாள். "அது ரூல் இல்ல காக்கா. நான் சும்மா சொன்னேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். உண்மையான கலவரம் முகத்தில் தெரிந்தது.

"ரூலு இல்லையா? வந்து நிக்கிற புள்ளைக்கெல்லாம் நான் அதத்தானம்மா சொல்லிக்கிட்டிருக்கேன். முதல்ல அதத்தான் சொல்லுவேன். நேத்துகூட ஒரு புள்ளைக்குச் சொன்னேனே."

மித்ரா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் அந்த மனிதரை எப்போதும் பாய் என்றுதான் கூப்பிடுவார்.

"ரூல்தான் காக்கா," என்றார் என் கணவர். "மாத்திடாதீங்க."